ஆன்கா சார்ந்த குருதிக்குழாய் அழற்சி: பல உறுப்புகளில் ஒளிந்திருக்கும் ஒரே நோய்

1. நோயும் அதன் வகைகளும்

கிருமிகளிடமிருந்து உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பாற்றல் வழிதவறி, தன் உடலின் குருதிக்குழாய்களையே பகையாகக் கருதித் தாக்குவதால் உண்டாகும் நோய்த்தொகுதியைக் குருதிக்குழாய் அழற்சி என்றும், மருத்துவ வழக்கில் வாஸ்குலைடிஸ் என்றும் அழைப்பர். அழற்சியுற்ற குழாயின் சுவர் வீங்கி உள்வழி அடைபடலாம்; அல்லது சுவர் நைந்து குருதி கசியலாம்; இரண்டில் எது நேர்ந்தாலும் அக்குழாயை நம்பியிருக்கும் உறுப்பு சிதையத் தொடங்குகிறது. குருதிக்குழாய்கள் உடலெங்கும் பரவியிருப்பதால் இந்நோய் மூக்கிலும் நுரையீரலிலும் சிறுநீரகத்திலும் நரம்பிலும் கண்ணிலும் தோலிலும் வெவ்வேறு முகங்களோடு தோன்ற முடிகிறது. இதுவே அதன் கொடுமைக்கும் அதைக் கண்டறிவதிலுள்ள இடர்ப்பாட்டுக்கும் காரணம்.

தாக்கப்படும் குழாயின் பருமனைக் கொண்டு இந்நோய்களைப் பகுக்கும் முறையை அமெரிக்காவின் சேப்பல் ஹில் நகரில் கூடிய அறிஞர் மாநாடு வகுத்து 1994இல் வெளியிட்டது. 2012இல் அது திருத்தப்பட்டது. பெருங்குழாய்களைத் தாக்குவனவற்றுள் 1908இல் ஜப்பானியக் கண் மருத்துவர் மிகிடோ தகயாசு விவரித்ததும் இந்தியா உள்ளிட்ட ஆசிய நாடுகளில் இளம்பெண்களிடையே கூடுதலாகக் காணப்படுவதுமான தகயாசு நோய் ஒன்று. நடுத்தரக் குழாய்களைத் தாக்குவனவற்றுள் குழந்தைகளின் இதயத் தமனிகளைக் கெடுக்கும் கவாசாகி நோய் ஒன்று. நுண்ணிய குழாய்களைத் தாக்குவனவற்றுள் முதன்மையானவை ஆன்கா எனப்படும் தன்னெதிர்ப்புப் புரதங்களோடு தொடர்புடைய மூன்று நோய்கள்: திசுக்களில் கிரானுலோமா என்னும் சிறுமணித் திரள்களை உண்டாக்கும் ஜி.பி.ஏ.; அத்திரள்கள் இன்றி நுண்குழாய்களை மட்டும் அரிக்கும் எம்.பி.ஏ.; ஆஸ்துமாவோடும் இயோசினோபில் என்னும் வெள்ளணுக்களின் பெருக்கத்தோடும் வரும் இ.ஜி.பி.ஏ. இக்கட்டுரை இம்மூன்றையும், அவற்றுள் சிறப்பாக ஜி.பி.ஏ.வையும், கனடாவின் மொன்றியல் நகரச் சூழலில் வைத்து ஆராய்கிறது.

ஐரோப்பிய, வட அமெரிக்க ஆய்வுகளின்படி, பத்து இலட்சம் மக்களில் ஆண்டுக்கு ஏறத்தாழ 20 பேர் இந்நோய்களால் புதிதாகப் பாதிக்கப்படுகின்றனர். இக்கணக்கைப் பொருத்திப் பார்த்தால், ஏறத்தாழ 43 இலட்சம் மக்கள் வாழும் பெருமொன்றியல் பகுதியில் ஆண்டுதோறும் எண்பத்தைந்து பேரளவில் இந்நோய்க்கு ஆளாகக்கூடும். ஒரு குடும்ப மருத்துவர் தம் பணிக்காலம் முழுவதிலும் ஓரிருவரையே காணக்கூடிய அளவுக்கு இது அரியது. கண்டும் இனங்காணாது விட்டால் சில வாரங்களிலேயே சிறுநீரகத்தைப் பறிக்குமளவுக்குக் கடியது. ஈழத்தமிழரும் தமிழ்நாட்டுத் தமிழரும் பெருந்தொகையாக வாழும் நகரம் மொன்றியல் என்பதால், வெப்பமண்டலத்திலிருந்து வந்தோர் உடலில் இந்நோயும் அதன் சிகிச்சையும் எழுப்பும் தனிக் கேள்விகளும் இங்கே கவனத்துக்கு உரியவை.

2. கண்டறிதலின் வரலாறு

குருதிக்குழாய் அழற்சியைத் தனி நோயாக விவரித்த முதல் விரிவான பதிவு 1866இல் ஜெர்மனியின் ஃபிரைபர்க் நகரில் அடோல்ஃப் குஸ்மாலும் ருடால்ஃப் மையரும் வெளியிட்டது. 27 வயதுத் தையல் தொழிலாளி ஒருவரின் தமனிகளில் முடிச்சு முடிச்சாகத் திரண்டிருந்த அழற்சியை அவர்கள் பிணக்கூறாய்வில் கண்டனர். 1897இல் ஸ்காட்லாந்தின் காது மூக்கு மருத்துவர் பீட்டர் மக்பிரைடு, மூக்கும் முகமும் விரைந்து அழிந்த ஒரு நோயாளியைப் பற்றி எழுதியது, இன்று ஜி.பி.ஏ. எனப்படும் நோயின் தொடக்கக் குறிப்புகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. 1931இல் ஹைன்ஸ் கிளிங்கரும், 1936இலும் 1939இலும் ஃபிரீட்ரிக் வெகெனரும் அந்நோயை விரிவாக விளக்கினர். 1951இல் நியூயார்க்கில் ஜேக்கப் சர்க்கும் லோட்டே ஸ்ட்ராஸும் ஆஸ்துமாவோடு கூடிய வகையைப் பதின்மூன்று நோயாளிகளிடம் கண்டு பதிவு செய்தனர். வெகெனர் நாஜிக் கட்சி உறுப்பினராக இருந்தமை வெளிப்பட்ட பின், 2011இல் அமெரிக்க, ஐரோப்பிய மருத்துவச் சங்கங்கள் அவர் பெயரை நோயிலிருந்து விலக்கி, நோயின் தன்மையைச் சுட்டும் பெயரை ஏற்றன. பழைய மருத்துவக் குறிப்புகளில் வெகெனர் நோய் என்று எழுதப்பட்டிருப்பது இந்த ஜி.பி.ஏ.வையே.

இவ்வரலாற்றில் மொன்றியலுக்கும் இடமுண்டு. மக்கில் பல்கலைக்கழகத்தில் 1872இல் பட்டம் பெற்று, 1884 வரை அங்கேயே கற்பித்து, மொன்றியல் பொது மருத்துவமனையில் நூற்றுக்கணக்கான பிணக்கூறாய்வுகளைத் தம் கையால் செய்த வில்லியம் ஓஸ்லர், பின்னர் பால்டிமோரில் பணியாற்றிய காலத்தில், 1895 முதல் வெளியிட்ட கட்டுரைகளில் ஓர் அரிய உண்மையை முன்வைத்தார். தோலில் செந்தடிப்பும் குருதிப்புள்ளிகளும் தோன்றும் நோயாளிகள் சிலருக்கு வயிற்று வலியும் மூட்டு வலியும் சிறுநீரகக் கேடும் சேர்ந்து வருவதையும், அவை தற்செயலாகக் கூடியவை அல்ல, ஒரே நோயின் பல வெளிப்பாடுகள் என்பதையும் அவர் எடுத்துக் காட்டினார். அவர் விவரித்த நோயாளிகளுள் சிலருக்கு இருந்தது, இன்றைய பகுப்பில், நுண்குழாய் அழற்சியே. தோலை ஒருவரும் வயிற்றை வேறொருவரும் பார்த்துப் பிரித்தெழுதும் வழக்கத்துக்கு மாறாக, உடலை முழுமையாக நோக்கும் இப்பார்வையை மொன்றியலின் பிணக்கூறாய்வு மேசைகளே அவரிடம் வளர்த்தன எனலாம்.

1940களின் முற்பகுதியில் அதே மக்கில் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் செல்யே, எலிகளுக்கு டெஸாக்சிகார்ட்டிகோஸ்டிரோன் என்னும் அட்ரீனல் சுரப்பைப் பேரளவில் உப்புடன் கொடுத்து, அவற்றின் தமனிகளில் அழற்சி முடிச்சுகளையும் சிறுநீரகத் தழும்புகளையும் உண்டாக்கினார். மனித நோயும் உடலின் சுரப்புகள் நெருக்கடிக்கு மிகையாக எதிர்வினையாற்றுவதாலேயே தோன்றுகிறது என்பது, 1945இல் மொன்றியல் பல்கலைக்கழகத்துக்குச் சென்ற பின்னும் அவர் வலியுறுத்திய கொள்கை. பிற்கால ஆய்வுகள் அதை ஏற்கவில்லை. அந்த எலிகளின் தமனிச் சிதைவுக்கு உயர் குருதியழுத்தமே பெரும் காரணம் என்பது இன்றைய கருத்து. எனினும் அட்ரீனல் சுரப்புகளுக்கும் குருதிக்குழாய் அழற்சிக்கும் தொடர்புண்டு என்ற அவரது ஊகம் வேறொரு வகையில் மெய்யாயிற்று. 1949இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில் கார்ட்டிசோனின் அழற்சி தணிக்கும் ஆற்றல் நிறுவப்பட்டபின், அட்ரீனல் சுரப்பிகளின் இந்த இன்னொரு வகைச் சுரப்பே இந்நோயின் முதல் மருந்தாயிற்று.

3. உடலுக்குள் நிகழ்வது

குருதியின் வெள்ளணுக்களுள் மிகுதியானவை நியூட்ரோபில்கள். கிருமியை விழுங்கி அழிக்கும் நொதிகளைச் சிறு மணிகளாகத் தம்முள் இவை சேமித்து வைத்திருக்கின்றன. புரோட்டினேஸ் 3, மயலோபெராக்சிடேஸ் என்பன அவற்றுள் இரண்டு. இவ்விரண்டுக்கும் எதிராக உடல் தானே உருவாக்கும் எதிர்ப்புப் புரதங்களின் பொதுப்பெயரே ஆன்கா. 1982இல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் சிறுநீரக அழற்சியுற்ற எட்டுப் பேரிடம் இப்புரதங்களைக் கண்டனர். 1985இல் வான் டெர் வூடாவும் உடன் ஆய்வாளரும் அவற்றை ஜி.பி.ஏ.வோடு தொடர்புபடுத்தி லான்செட் இதழில் எழுதிய பின்னரே உலகம் அதன் பெறுமதியை உணர்ந்தது. 2002இல் வட கரோலினா ஆய்வாளர்கள், மயலோபெராக்சிடேஸுக்கு எதிரான புரதங்களை எலிகளுக்குச் செலுத்திய அளவிலேயே சிறுநீரக அழற்சி உண்டாவதைக் காட்டி, ஆன்கா நோயின் அடையாளம் மட்டுமன்று, நோயைச் செய்வதும் அதுவே என்று நிறுவினர்.

நிகழும் முறை இது. ஒரு தொற்றோ வேறு தூண்டலோ நியூட்ரோபில்களை எழுப்பும்போது, உள்ளிருந்த நொதிகள் அணுவின் மேற்பரப்புக்கு வருகின்றன. அங்கே ஆன்கா அவற்றைப் பற்றுகிறது. பற்றப்பட்ட நியூட்ரோபில், குழாயின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, கிருமிக்கென வைத்திருந்த நச்சுகளை அங்கேயே உமிழ்வதோடு, தன் மரபுப் பொருளை வலையாக வெளியே வீசி மேலும் அழற்சியைப் பெருக்குகிறது. குருதியிலுள்ள நிரப்புப் புரதங்களுள் சி5ஏ என்னும் கூறு மேலும் நியூட்ரோபில்களை அங்கே அழைத்துத் தூண்டுவதால், தாக்குதல் தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் சுழலாகிறது. இச்சுழலை அறிந்ததே அண்மைக்கால மருந்துகளுக்கு வழி திறந்தது.

ஏன் ஒருவருக்கு வருகிறது, மற்றவருக்கு வருவதில்லை என்பதற்கு முழு விடை இல்லை. 2012இல் வெளியான ஐரோப்பிய மரபணு ஆய்வு, புரோட்டினேஸ் 3 வகையும் மயலோபெராக்சிடேஸ் வகையும் வெவ்வேறு மரபுக்கூறுகளோடு இணைந்தவை எனக் காட்டியது. எனினும் மரபு நோய் வாய்ப்பைக் கூட்டுவதன்றி முழுக் காரணமாவதில்லை. கல்லுடைத்தல் முதலிய பணிகளில் உள்ளிழுக்கும் சிலிக்காத் தூசி, மூக்கில் நிலைத்து வாழும் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் கிருமி, தைராய்டு மிகைப்புக்குத் தரப்படும் புரொப்பில்தயோயூராசில், குருதியழுத்தத்துக்கான ஹைட்ரலசின் ஆகியவை தூண்டுகாரணிகளாகப் பதிவாகியுள்ளன.

4. உறுப்புகளின் அறிகுறிகளும் காலத் தாழ்ச்சியும்

ஜி.பி.ஏ. பெரும்பாலும் மூக்கில் தொடங்குகிறது. மாதக்கணக்கில் ஆறாத சளி, மூக்கினுள் பொருக்கு, அடிக்கடி குருதிக் கசிவு, காதில் நீர் கோத்துக் கேள்வி குறைதல் என்பவை முதலில் தோன்றும். நாசிக் குருத்தெலும்பு அழிந்தால் மூக்கின் பாலம் அமிழ்ந்துவிடும். குரல்வளையின் அடியில் மூச்சுக்குழல் சுருங்கினால் மூச்சில் இரைச்சல் எழும். நுரையீரலில் கட்டிகளும் குழிகளும் உண்டாகலாம். காற்றறைகளுக்குள் குருதி பெருகினால் மணிக்கணக்கில் உயிருக்கே இடர் நேரும். நரம்புகளுக்குச் செல்லும் குழாய்கள் அடைபட்டால், நேற்று வரை நடந்தவரின் பாதம் இன்று தொங்கிவிடும். கண்ணின் வெண்படலம் சிவந்து கடுமையாக நோகும். கால்களில் அழுத்தினால் மறையாத செம்புள்ளிகள் தோன்றும். இ.ஜி.பி.ஏ.யில் வளர்ந்த வயதில் திடீரெனத் தொடங்கும் ஆஸ்துமா முன்னோடியாக வந்து, ஆண்டுகள் கழித்து நரம்பையும் இதயத்தையும் தாக்குகிறது.

இவை அனைத்தினும் கொடியது சிறுநீரகத் தாக்கம். ஏனெனில் அது வலியின்றி வருகிறது. குருதியை வடிகட்டும் நுண்குழல் முடிச்சுகள் ஒவ்வொன்றாக அழியும்போது நோயாளி எதையும் உணர்வதில்லை; சிறுநீரில் கண்ணுக்குப் புலப்படாத குருதியும் புரதமும் கசிவதே ஒரே அடையாளம். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களில் 158 நோயாளிகளைப் பின்தொடர்ந்து 1992இல் வெளியான ஆய்வில், முதலில் வந்தபோது சிறுநீரக அழற்சி இருந்தவர் 18 சதவீதத்தினரே; நோயின் போக்கில் அது 77 சதவீதத்தினரை எட்டியது. அதே ஆய்வில், அறிகுறி தொடங்கி மூன்று மாதத்துக்குள் நோய் இனங்காணப்பட்டவர்கள் 42 சதவீதம். 5 முதல் 16 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தவர்கள் 8 சதவீதம்.

இத்தாழ்ச்சிக்கு எந்த ஒரு மருத்துவரின் கவனக்குறைவும் காரணமன்று. மருத்துவம் உறுப்புவாரியாகப் பிரிந்திருப்பதே காரணம். மூக்கைப் பார்ப்பவர் அதைச் சைனஸ் அழற்சி என்கிறார். மார்பைப் பார்ப்பவர் நிமோனியா என்கிறார். மூட்டைப் பார்ப்பவர் வாதம் என்கிறார். ஒவ்வொருவர் சொல்வதும் அவரவர் உறுப்பளவில் பொருந்தவே செய்கிறது. மூன்றையும் ஒருங்கே ஒருவர் காணாதவரை நோயின் பெயர் வெளிப்படுவதில்லை. ஆகவே, தொடர்பில்லாதவை போலத் தோன்றும் இரண்டோ மூன்றோ உறுப்புகளில் காரணம் விளங்காத நோய் ஒருவருக்கு ஒரே காலத்தில் இருந்தால், அவற்றை இணைக்கும் ஒரே நோய் உண்டா என்று கேட்பதே கண்டறிதலின் முதல் படி.

5. உறுதி செய்தலும் காசநோய் மயக்கமும்

ஐயம் எழுந்தபின் பாதை தெளிவானது. சிறுநீர்ச் சோதனை, சிறுநீரகத் திறனைக் காட்டும் கிரியாட்டினினின் குருதி அளவு, ஆன்கா சோதனை, மார்பு சி.டி. படம் ஆகியவை முதலில் செய்யப்படுகின்றன. 2017இல் எட்டப்பட்ட பன்னாட்டு உடன்பாட்டின்படி, புரோட்டினேஸ் 3, மயலோபெராக்சிடேஸ் ஆகியவற்றுக்கு எதிரான புரதங்களை நேரடியாக அளக்கும் சோதனையே முதற் சோதனையாகக் கொள்ளப்படுகிறது. ஆயினும் ஆன்கா மட்டும் தீர்ப்பாகாது. இதய உள்ளுறை அழற்சி, காசநோய் போன்ற தொற்றுகளிலும் அது தோன்றலாம். மூக்கோடு நிற்கும் ஜி.பி.ஏ.யிலும், இ.ஜி.பி.ஏ. நோயாளிகள் பலரிடமும் அது தோன்றாமலும் இருக்கலாம். எனவே இயன்றவிடத்துச் சிறுநீரகத்திலிருந்தோ வேறு உறுப்பிலிருந்தோ சிறு திசுத்துண்டெடுத்து நுண்ணோக்கியில் காண்பது இன்றும் வலுவான சான்றாக மதிக்கப்படுகிறது.

இங்கே தெற்காசியருக்கு உரிய இடர் ஒன்று குறுக்கிடுகிறது. இருமலில் குருதி, மாலைக் காய்ச்சல், எடை இழப்பு, நுரையீரலில் குழிவிழுந்த கட்டி, திசுவில் சிறுமணித் திரள் என ஜி.பி.ஏ. காட்டும் அத்தனையும் காசநோயும் காட்டுகிறது. காசநோய் மிகுந்த இந்தியாவில் ஜி.பி.ஏ. நோயாளிகள் மாதக்கணக்கில் காசநோய் மருந்து உண்டபின்னரே உண்மை வெளிப்பட்டதை அந்நாட்டு மருத்துவ இதழ்கள் மீண்டும் மீண்டும் பதிந்துள்ளன. கனடாவிலும் காசநோயாளிகளுள் பெரும்பாலோர் வெளிநாட்டில் பிறந்தோர் ஆதலால், இலங்கையிலோ இந்தியாவிலோ பிறந்த ஒருவரின் மார்புப் படத்தில் குழியைக் கண்ட மருத்துவர் முதலில் காசநோயை நினைப்பது இயல்பு, அது முறையும்கூட. தவறு, சளியில் கிருமி அகப்படாதபோதும் மருந்துக்கு நோய் இணங்காதபோதும் அந்த எண்ணத்திலேயே நிற்பதில் உள்ளது. காசநோயை ஐயுற்ற நாளிலேயே சிறுநீரையும் சோதித்துவிட்டால் இம்மயக்கம் சிலரிடமாவது விரைவில் நீங்கும்.

6. சிகிச்சை கடந்துவந்த வழி

1958இல் பிரித்தானிய மருத்துவர் வால்டன் தொகுத்த கணக்கில், சிகிச்சை பெறாத ஜி.பி.ஏ. நோயாளிகள் சராசரியாக ஐந்து மாதங்களே வாழ்ந்தனர். 82 சதவீதத்தினர் ஓராண்டுக்குள் இறந்தனர். கார்ட்டிசோன் முதலிய ஸ்டீராய்டு மருந்துகள் அந்த மாதங்களைச் சற்றே நீட்டின. திருப்பம் 1970களில் வந்தது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களில் அந்தோனி ஃபௌச்சியும் ஷெல்டன் உல்ஃபும், புற்றுநோய்க்கான சைக்ளோபாஸ்பமைடைக் குறைந்த அளவில் பிரட்னிசோன் என்னும் ஸ்டீராய்டுடன் சேர்த்துக் கொடுத்தனர். 1983இல் வெளியிட்ட 85 நோயாளிகளின் பதிவில் 93 சதவீதத்தினரிடம் நோய் முழுமையாக அடங்கியிருந்தது. மரணத் தீர்ப்பாக இருந்த நோய், ஒரு தலைமுறைக்குள் நெடுங்கால நோயாக மாறியது.

அந்த வெற்றிக்கு உரிய விலையும் சிறிதன்று. மேலே சுட்டிய 1992ஆம் ஆண்டு ஆய்வு, சிகிச்சையாலேயே நிரந்தரக் கேடு அடைந்தோர் 42 சதவீதம் என்றும், கடுந்தொற்றுக்கு ஆளானோர் 46 சதவீதம் என்றும் காட்டியது. சிறுநீர்ப்பைப் புற்றுநோயும், இளம்பெண்களிடம் கருவளம் இழத்தலும் சைக்ளோபாஸ்பமைடை நெடுங்காலம் உண்டதன் விளைவுகள். அதன்பின் வந்த முப்பதாண்டு ஆராய்ச்சியின் சாரத்தை ஒரே வரியில் சொல்வதானால், நோயை அடக்கும் வலிமையை இழக்காமல் நச்சைக் குறைப்பதற்கான தேடல் என்று கூறலாம். 2003இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு, நோய் அடங்கியபின் சைக்ளோபாஸ்பமைடை நிறுத்தி அசத்தியோப்ரினுக்கு மாறினாலும் பலன் குறைவதில்லை எனக் காட்டியது. 2010இல் வெளியான ரேவ் என்னும் ஆய்வில் 197 நோயாளிகள் பங்கேற்றனர். எதிர்ப்புப் புரதங்களை உண்டாக்கும் பி அணுக்களை நீக்கும் ரிட்டுக்ஸிமாப் மருந்தைப் பெற்றோரில் 64 சதவீதத்தினரும், சைக்ளோபாஸ்பமைடு பெற்றோரில் 53 சதவீதத்தினரும் ஆறு மாதத்தில் ஸ்டீராய்டின்றி நோய் அடங்கிய நிலையை அடைந்தனர். 2014இல் பிரெஞ்சு ஆய்வாளர் 115 நோயாளிகளிடம் நடத்திய சோதனையில், ரிட்டுக்ஸிமாப் தொடர்ந்து பெற்றோருள் 5 சதவீதத்தினரிடமும், அசத்தியோப்ரின் பெற்றோருள் 29 சதவீதத்தினரிடமும் 28 மாதங்களுக்குள் நோய் கடுமையாக மீண்டது.

2020இல் வெளியான பெக்ஸிவாஸ் ஆய்வு கனடாவின் பெரும் பங்களிப்பு. ஒன்ராறியோவின் ஹாமில்டன் நகர மருத்துவர் மைக்கேல் வால்ஷ் முதன்மை ஏற்க, பல நாடுகளின் 704 நோயாளிகளைக் கொண்டு நடந்த இவ்வாய்வு இரண்டு வழக்கங்களை மாற்றியது. குருதியின் நீர்ப்பகுதியைப் பிரித்தெடுத்து மாற்றும் பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சை, மரணத்தையோ சிறுநீரகச் செயலிழப்பையோ மொத்தத்தில் குறைக்கவில்லை என்பது ஒன்று. ஸ்டீராய்டை வழக்கமான அளவில் 60 சதவீதத்துக்கும் குறைவாகக் கொடுத்தாலும் பலன் குறைவதில்லை, கடுந்தொற்றும் குறைகிறது என்பது மற்றொன்று. அடுத்த ஆண்டே, சி5ஏ கூற்றின் ஏற்பியை அடைக்கும் அவாகோபான் என்னும் மாத்திரையை 331 நோயாளிகளிடம் சோதித்த ஆய்வு, ஓராண்டு முடிவில் 65.7 சதவீதத்தினரிடம் நோய் அடங்கியே இருந்ததையும், வழக்கமான பிரட்னிசோன் பெற்றோரில் அது 54.9 சதவீதமாக இருந்ததையும் காட்டியது. இ.ஜி.பி.ஏ.க்கு இயோசினோபில்களைக் கட்டுப்படுத்தும் மெபோலிசுமாப் 2017இலும், பென்ராலிசுமாப் 2024இலும் வெளியான ஆய்வுகளால் நிலைபெற்றன.

சிறுநீரகம் முற்றாகச் செயலிழந்தோருக்கும் வழி அடைபடவில்லை. நோய் அடங்கிச் சில மாதங்கள் சென்றபின் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தலாம். பொருத்திய உறுப்பில் நோய் மீள்வது அரிது. கனடாவின் முதல் சிறுநீரக மாற்று அறுவை 1958இல் மொன்றியலின் ராயல் விக்டோரியா மருத்துவமனையில், ஒத்த இரட்டையரிடையே நடந்தது.

7. வெப்பமண்டலத்திலிருந்து வந்தோரும் நோயெதிர்ப்பு அடக்கமும்

535 நோயாளிகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2011இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், முதலாண்டு மரணங்களில் 48 சதவீதம் தொற்றால் நேர்ந்தவை. நோயின் தாக்குதலால் நேர்ந்தவை 19 சதவீதமே. இன்று இந்நோயாளியைக் கொல்வது நோயைவிட, நோயை அடக்கும்போது திறந்துவிடப்படும் தொற்று வாயில் என்பதை இக்கணக்கு ஐயமின்றிக் காட்டுகிறது. பிறந்த நாட்டில் பெற்று உடலில் உறங்கும் தொற்றுகளைச் சுமந்து வந்தவருக்கு அந்த வாயில் இன்னும் அகன்றது. தமிழர் குறித்து இக்கட்டுரை அழுத்திச் சொல்ல விரும்புவதும் இதுவே.

முதலாவது ஸ்டிராங்கிலாய்டிஸ் என்னும் குடற்புழு. ஈரமண்ணில் வெறுங்காலோடு நடக்கையில் தோலைத் துளைத்து நுழையும் இது, மற்றப் புழுக்களைப் போல அழிந்துபோகாமல், உடலுக்குள்ளேயே தன்னைப் பெருக்கிக்கொண்டு பல பத்தாண்டுகள் வாழவல்லது. ஊரை விட்டு முப்பதாண்டுகளுக்கு முன் வந்தவரின் குடலிலும் அது அறிகுறியின்றி இருக்கலாம். பேரளவு ஸ்டீராய்டு கொடுக்கப்பட்டதும் அது கட்டுப்பாடின்றிப் பெருகி, நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவி, குடற்கிருமிகளையும் தன்னோடு குருதிக்குள் இழுத்துச் சென்று உயிரைப் பறிக்கிறது. இப்புழு இயோசினோபில்களை உயர்த்தும், மூச்சிரைப்பையும் தரும். ஆகவே அதை இ.ஜி.பி.ஏ. எனத் தவறாகக் கருதி ஸ்டீராய்டு தொடங்கும் அபாயமும் உண்டு. அத்தவறு திருத்த முடியாதது. குருதிச் சோதனையால் இதைக் கண்டறியலாம்; ஐவர்மெக்டின் மாத்திரை இதை ஒழிக்கும். கனடாவின் ஒட்டுண்ணியியல் தேசிய ஆய்வு மையம் மொன்றியலிலேயே, மக்கில் பல்கலைக்கழகத்தின் ஜே.டி. மக்லீன் வெப்பமண்டல நோய் மையத்தோடு இணைந்து இயங்குவதால், இந்நகர நோயாளிக்கு இச்சோதனை எட்டாததன்று.

இரண்டாவது உறங்குநிலைக் காசநோய். சிகிச்சை தொடங்குமுன் தோல் சோதனையாலோ குருதிச் சோதனையாலோ அதைத் தேடுவது கட்டாயம். அதற்கு ஒன்பது மாதம் ஐசோனியாசிட் உண்ணும் பழைய முறைக்கு மாற்றாக, நான்கு மாத ரிஃபாம்பின் போதும், அதை முடிப்போரும் மிகுதி, கல்லீரல் கேடும் குறைவு என்று 2018இல் நிறுவிய பன்னாட்டு ஆய்வை வழிநடத்தியவர் மொன்றியல் மார்பு நோய் நிலையத்தின் டிக் மென்ஸிஸ். எனினும் ரிஃபாம்பின், பிரட்னிசோனையும் அவாகோபானையும் கல்லீரலில் விரைந்து சிதைத்துவிடுவதால், இரண்டும் சேரும்போது காசநோய் மருத்துவரும் வாத நோய் மருத்துவரும் கலந்து முடிவு செய்தாக வேண்டும்.

மூன்றாவது ஹெப்பட்டைட்டிஸ் பி. ரிட்டுக்ஸிமாப் கொடுத்தபின் உறங்கிய நச்சுயிரி எழுந்தால் கல்லீரல் செயலிழக்கக்கூடும். இவற்றோடு, நுரையீரலைத் தாக்கும் நியூமோசிஸ்டிஸ் பூஞ்சைக்கு எதிரான தடுப்பு மாத்திரையும், நிமோனியா, அக்கிப்புடைத் தடுப்பூசிகளும் முன்கூட்டியே எண்ணப்பட வேண்டியவை; உயிருள்ள கிருமி அடங்கிய தடுப்பூசிகள் சிகிச்சைக் காலத்தில் விலக்கத்தக்கவை. நீரிழிவு தமிழரிடையே ஏற்கெனவே மிகுதி ஆதலால், ஸ்டீராய்டு தொடங்கிய வாரத்திலேயே சர்க்கரை அளவைக் கண்காணிப்பதும் தவிர்க்க முடியாதது.

8. மொன்றியலின் மருத்துவ அமைப்பு

இந்நோய்க்கு வேண்டிய கருவிகளும் அறிவும் மொன்றியலில் குறைவின்றி உள்ளன. பிரெஞ்சு மொழி வழியில் 2017இல் புதிய கட்டடத்தில் திறக்கப்பட்ட சூம் என்னும் மொன்றியல் பல்கலைக்கழக மருத்துவமனையும், ஆங்கில வழியில் 2015இல் கிளென் வளாகத்துக்குப் பெயர்ந்த மக்கில் பல்கலைக்கழக மருத்துவ மையமும், தமிழர் பலர் வாழும் கோட்-தே-நேஜ் பகுதியிலுள்ள யூதப் பொது மருத்துவமனையும் பெரு நிலையங்கள். சக்ரே-கேர் மருத்துவமனையில் குருதிக்குழாய் அழற்சிக்கெனத் தனிச் சிகிச்சையகமே இயங்குகிறது. 2010இல் உருவான கான்வாஸ்க் என்னும் கனடிய ஆய்வு வலையமைப்பு வெளியிட்ட சிகிச்சைப் பரிந்துரைகளின் 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முதல் ஆசிரியர் மக்கில் பல்கலைக்கழகத்தின் ஆரியேல் மெண்டல்.

குறை, அந்த நிலையங்களின் வாயிலை அடையும் வழியில் உள்ளது. நிபுணரைக் காண மருத்துவரின் பரிந்துரை வேண்டும். மொன்றியல் அமைந்த கியூபெக் மாகாணத்திலோ குடும்ப மருத்துவர் இல்லாதோர் ஏராளம். அவர்கள் அரசின் பதிவுப் பட்டியலில் நெடுங்காலம் காத்திருக்கின்றனர். அவ்வாறு காத்திருப்பவர் ஒருமுறை ஒரு சிகிச்சையகத்திலும் மறுமுறை வேறோர் அவசரப் பிரிவிலும் காட்டிக்கொள்ள, ஒவ்வோரிடத்திலும் புதிய மருத்துவர் அன்றைய அறிகுறியை மட்டுமே காண்கிறார். உறுப்புவாரிப் பிரிவோடு இடவாரிப் பிரிவும் சேர, நோயின் முழு உருவம் மேலும் மறைகிறது. பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் தயங்கும் முதியவர், அன்றைக்கு மிகவும் வருத்தும் ஒன்றை மட்டும் சொல்லித் திரும்புவதும் இதே விளைவைத் தருகிறது.

இக்குறையை ஓரளவு ஈடுசெய்யும் வழிகளும் அந்த அமைப்புக்குள்ளேயே உண்டு. மாகாணம் முழுவதிலும் எடுக்கப்படும் சோதனை முடிவுகளை மருத்துவர்கள் காண உதவும் மின்பதிவேடும், நோயாளி தாமே தம் முடிவுகளைப் பார்க்கும் கார்னே சான்டே என்னும் இணையச் சேவையும், 811 என்ற எண்ணில் செவிலியரிடம் ஆலோசனை பெறும் வசதியும் அவற்றுள் சில. மருந்துச் செலவைப் பொறுத்தவரை, 1997 முதல் கியூபெக்கில் ஒவ்வொருவருக்கும் தனியார் அல்லது அரசு மருந்துக் காப்பீடு கட்டாயம். விலை மிக்க மருந்துகளுக்கு மருத்துவர் தனி விண்ணப்பம் செய்தாக வேண்டும். உயிரி மருந்துகளுக்கு மாற்றாக அவற்றை ஒத்த, விலை குறைந்த மருந்துகளைக் கொடுக்கும் கொள்கையை 2021இல் அரசு அறிவித்ததால், ரிட்டுக்ஸிமாப் பெறுவோர் இப்போது பெரும்பாலும் பெறுவது ஒப்பு மருந்தே. அதன் ஆற்றல் குறைந்ததென அஞ்சி ஊசியைத் தவிர்ப்பது நோயை மீள அழைப்பதாகும்.

9. முடிபு

ஆன்கா சார்ந்த குருதிக்குழாய் அழற்சியின் ஒன்றரை நூற்றாண்டு வரலாறு மூன்று உண்மைகளை நிறுவுகிறது. மருந்தில்லாத நோய் என்ற நிலை முடிந்துவிட்டது. ஸ்டீராய்டைக் குறைத்தே நோயை அடக்கும் காலம் தொடங்கிவிட்டது. எஞ்சியுள்ள கேடுகளுள் பெரியவை இரண்டு: ஒன்று காலந்தாழ்ந்து கண்டறிவதால் இழக்கப்படும் சிறுநீரகம், மற்றொன்று முன்கூட்டித் தேடியிருந்தால் தடுத்திருக்கக்கூடிய தொற்று. இவ்விரண்டையும் தடுக்கப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. மூக்கையும் மார்பையும் மூட்டையும் சிறுநீரையும் ஒரே உடலின் செய்திகளாகச் சேர்த்துப் படிக்கும் வழக்கமும், சிகிச்சைக்கு முன்பே தொற்றுகளைத் தேடும் வழக்கமுமே தேவை.

ஆகவே, வாரக்கணக்கில் தீராத மூக்கு நோயோ இருமலோ காரணம் அறியாத காய்ச்சலோடும் எடை இழப்போடும் சேர்ந்து வந்தால், சிறுநீரைச் சோதிக்கும்படி மருத்துவரைக் கேட்பதற்கு எவரும் தயங்கலாகாது. மருத்துவமனைக்குச் செல்பவர், பல மாதங்களில் வந்துபோன அறிகுறிகள் அனைத்தையும் நாள் குறித்து ஒரே தாளில் எழுதிக் கொண்டுசெல்வதும், எந்த நாட்டில் பிறந்தார் எத்தனை ஆண்டு வாழ்ந்தார் என்பதைச் சொல்வதும், மொழித்தடை இருப்பின் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறுவதும் அவரது உரிமையும் கடமையும் ஆகும். ஸ்டீராய்டு தொடங்கப்படும் நாளில், குடற்புழு, காசநோய், கல்லீரல் நச்சுயிரி ஆகிய மூன்றுக்கும் சோதனை செய்யப்பட்டதா என்று மொன்றியல் தமிழர் ஒவ்வொருவரும், அவரது வீட்டாரும், மருத்துவரிடம் கேட்டுத் தெளிய வேண்டும்.